இரைச்சலும் இசையும்

இளைஞர் விரும்பும் இசை முதியோர் செவிக்கு இரைச்சலாகப் படுவது உலகத்து இயல்பு. பேரன் வானொலியின் ஒலியைக் கூட்டுவதும், பாட்டனார் முகத்தைச் சுளித்துக்கொண்டு அறைக் கதவைச் சாத்துவதும் எந்த நாட்டிலும் காணத்தக்க காட்சி. அதனால் எவருக்கும் பெருங்கேடு விளைந்துவிடுவதில்லை. இரவு உணவு வேளையில் பாட்டனும் பேரனும் ஒரே விரிப்பில் அமர்ந்து உண்பார்கள்; பகலில் எழுந்த சச்சரவு பழங்கதையாகிவிடும். ஆனால், அந்தப் பாட்டனாரின் முகச்சுளிப்பு சட்டமாகிக் காவலரின் கையில் தடியாகி, நீதிமன்றத்தில் சிறைத் தண்டனையாகிவிட்டால் என்ன நேரும்? ஒரு நாட்டின் ஆட்சியே இசைக்கும் இரைச்சலுக்கும் எல்லை வகுக்கப் புறப்பட்டால், அங்கே கற்றறிந்தோர் கடமை யாது?

இவ்வினாக்களுக்கு விடை கூறும் வழக்கு ஒன்று 1976ஆம் ஆண்டில் பிராக் நகரில் நடந்தது. அந்நகரைத் தலைநகராகக் கொண்டிருந்த செக்கோஸ்லோவாக்கியா என்னும் நாடு இன்று இல்லை. 1993இல் அது செக், ஸ்லோவாக்கியா என்னும் இரு குடியரசுகளாகப் பிரிந்தது. ஆயினும், அவ்வழக்கின் வரலாறு மறக்கத்தக்கதன்று. குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டவர்கள் நால்வர். குண்டு வைத்தவர் அவர்களுள் எவருமில்லை. அரசைக் கவிழ்க்கச் சதி செய்தவரும் இல்லை. பாடியதும், பாடுவோரை ஒன்று கூட்டியதுமே அவர்கள் செய்த செயல். அவ்வரலாற்றில் நீண்ட முடி வளர்த்த இளைஞர்களுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, நரைத்த தலை கொண்ட ஓர் ஆசிரியருக்கும் அவ்வளவு பங்கு உண்டு. ஆசிரியத் தொழில் புரிவோரும் அத்தொழிலை நாடிப் பயில்வோரும் எண்ணிப் பார்க்கவேண்டிய பகுதி அதுவே.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1948 முதல் அந்நாட்டைப் பொதுவுடைமைக் கட்சி ஆண்டு வந்தது. 1968ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் கட்சியின் தலைமைப் பொறுப்பை ஏற்ற அலெக்சாண்டர் துப்செக், ஆட்சியின் இறுக்கத்தைத் தளர்த்த முற்பட்டார். செய்தித்தாள்கள் மீதிருந்த தணிக்கை நீங்கிற்று. மக்கள் அஞ்சாமல் பேசத் தொடங்கினர். உலகம் அதனைப் பிராக் நகரின் வசந்தம் என்று போற்றியது. அவ்வசந்தம் எட்டுத் திங்களே நீடித்தது. ஆகஸ்டுத் திங்கள் 20ஆம் நாள் நள்ளிரவில் சோவியத்து நாட்டின் தலைமையில் வார்சா உடன்படிக்கை நாடுகளின் படைகள் எல்லையைக் கடந்து புகுந்தன. விடிந்தபோது தலைநகரின் தெருக்களில் பீரங்கி வண்டிகள் நின்றன. அடுத்த ஆண்டு ஏப்ரலில் துப்செக் விலக்கப்பட, குஸ்தாவ் ஹுசாக் அவ்விடத்தில் அமர்த்தப்பட்டார்.

புதிய ஆட்சி தன் செயலுக்கு இட்ட பெயர் 'இயல்பு நிலைக்குத் திருப்புதல்' என்பது. பெயர் இனிமையானதுதான், செயலோ கொடியது. அந்நியப் படையின் வருகையை உடன்பிறந்தார் செய்த உதவி என ஒப்புக்கொள்ளுமாறு ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் அலுவலர்களும் வற்புறுத்தப்பட்டனர். ஒப்பியவர் பணியில் நீடித்தனர். மறுத்தவர் வேலையை இழந்தனர். பல்கலைக்கழகத்தில் விரிவுரை நிகழ்த்தியவர்கள் கொதிகலனுக்குக் கரி தள்ளுவோராகவும், சன்னல் துடைப்போராகவும், இரவுக் காவலராகவும் பிழைக்க நேர்ந்தது. எஞ்சியோர் வாய்மூடி வாழக் கற்றுக்கொண்டனர். வீட்டில் ஒரு பேச்சு, வெளியில் ஒரு பேச்சு என்னும் இரட்டை வாழ்வு நாட்டின் பொது வழக்கமாயிற்று. பிள்ளைகளும் அதனைப் பெற்றோரிடமிருந்தே கற்றனர்.

பீரங்கி வண்டிகள் வந்த சில வாரங்களிலேயே பிராக் நகரில் இளைஞர் சிலர் ஓர் இசைக் குழுவைத் தொடங்கினர். அவர்களுள் முதன்மையானவர் மிலான் ஹ்லாவ்சா. அப்போது அவருக்கு அகவை 17. அமெரிக்க இசைஞர் பிராங்க் ஸாப்பாவின் பாடல் ஒன்றின் தலைப்பிலிருந்து பெயரெடுத்து, 'பிளாஸ்டிக் பீப்பிள் ஆப் தி யூனிவர்ஸ்' எனத் தம் குழுவுக்குப் பெயர் சூட்டினர். பேரண்டத்தின் பிளாஸ்டிக் மாந்தர் என்பது அதன் பொருள். மேலைநாட்டு ராக் இசையில் வெகுமக்கள் விரும்பிய இன்னோசைப் பாடல்களை அவர்கள் நாடவில்லை. நியூயார்க்கு நகரின் 'வெல்வெட் அண்டர்கிரவுண்டு' போன்ற குழுக்களின் கரடுமுரடான இசையே அவர்களைக் கவர்ந்தது. பின்னாளில் பிரிட்டனில் பங்க் இசை எனப் பெயர் பெற்று எழுந்த முரட்டு இசைக்கும் அதே குழுக்கள்தாம் முன்னோடிகள். ஆகவே, பிராக் இளைஞர்களைப் பங்க் இசையின் உடன்பிறவாத் தமையன்மார் எனலாம்.

அந்நாட்டில் ஊதியம் பெற்றுப் பாடுவதற்கு அரசின் உரிமம் வேண்டும். உரிமம் பெறத் தேர்வுக் குழுவின்முன் இசைத்துக் காட்டவேண்டும். இசையறிவோடு அரசியல் கொள்கையிலும் வினாக்கள் எழுப்பப்பட்டன. முடியை வெட்டு, ஆங்கிலப் பெயரை மாற்று, ஆங்கிலப் பாடலை நிறுத்து என்னும் ஆணைகள் குழுக்களைத் தொடர்ந்தன. பல குழுக்கள் பணிந்தன. அவர்களைப் பழிப்பதும் எளிதன்று. குடும்பத்தைக் காக்கவேண்டிய மனிதனுக்குத் தலைமுடி பெரிதாகத் தோன்றாது. பிளாஸ்டிக் குழுவோ பணிய மறுத்தது. 1970இல் உரிமம் பறிபோயிற்று. அரசுக்கு உரிமையான கருவிகளையும் பயிற்சிக் கூடத்தையும் திருப்பித் தரவேண்டியதாயிற்று. அவர்கள் பழைய வானொலிப் பெட்டிகளின் உறுப்புகளைக் கழற்றி, தாமே ஒலிபெருக்கிகளைச் செய்துகொண்டனர்.

குழுவுக்குக் கலை நெறியாளராக வாய்த்தவர் இவான் யிரோவுஸ் என்னும் கலை வரலாற்று அறிஞர். அவர் கையாண்ட சூழ்ச்சி ஒன்று நகைப்பூட்டுவது. இசை நிகழ்ச்சி நடத்த உரிமம் இல்லையெனினும், கலை பற்றிச் சொற்பொழிவு ஆற்ற அவருக்கு உரிமை இருந்தது. ஆகவே, அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹாலைப் பற்றி உரை நிகழ்த்துவதாகக் கூட்டம் கூட்டுவார். திரையில் சில ஓவியங்களைக் காட்டிச் சிறிது நேரம் பேசுவார். பிறகு, அவ்வோவியருடன் தொடர்புடைய வெல்வெட் அண்டர்கிரவுண்டு குழுவின் இசை இத்தகையது என விளக்குவதற்காகப் பிளாஸ்டிக் குழுவினர் எழுந்து நெடுநேரம் இசைப்பர். பாடத்திற்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்று எந்த ஆசிரியர்தான் சொல்லமாட்டார்!

தொடக்கத்தில் அவர்கள் ஆங்கிலப் பாடல்களையே மிகுதியும் பாடினர். பிராக் நகரில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த கனடா நாட்டவரான பால் வில்சன் சில காலம் அவர்களுடன் பாடினார். 1972இல் சாக்சபோன் கருவி இசைக்கும் விராதிஸ்லாவ் பிராபெனெட்ஸ் குழுவில் சேர்ந்தபோது, சொந்தப் படைப்புகளையே இசைக்கவேண்டும் என வற்புறுத்தினார். அதன்பின் பாடல்கள் செக் மொழியில் பிறந்தன. அச்சேறும் வாய்ப்பிழந்த கவிஞர் எகோன் போண்டியின் வரிகளுக்கு ஹ்லாவ்சா இசையமைத்தார். இதனால் ஒரு பெரு மாற்றம் விளைந்தது. முன்பு வேற்று நாட்டாரின் நிழலாக இருந்த இசை, இப்போது தாய்மொழியில் தன் ஊரின் வாழ்வைப் பேசலாயிற்று. புத்தகத்தில் இடம் மறுக்கப்பட்ட கவிதை பாட்டின் தோளில் ஏறி வெளியே வந்தது. தாய்மொழி எங்கே வேர்கொள்ளும் என்பதை அரசாங்கத்தின் அட்டவணை முடிவு செய்வதில்லை.

அப்பாடல்கள் எத்தகையன? உண்மையை மறைக்காமல் கூறவேண்டும். அவற்றுள் சில, பள்ளி மேடையில் ஏற்றத்தக்கனவல்ல. கொச்சை மொழியும் உடற்கூற்றுச் சொற்களும் கேலியும் அவற்றில் விரவியிருந்தன. இசையும் செவிக்கு இதமானதன்று. ஆனால், ஆட்சியை வீழ்த்துக என்னும் அறைகூவல் அவற்றில் இல்லை. கட்சித் தலைவரைப் பெயர் சொல்லி ஏசவும் இல்லை. தாங்கள் அரசியல்வாதிகள் அல்லர் என்றே குழுவினர் கூறி வந்தனர். தங்களை விட்டுவிட்டால் போதும், தங்களுக்குப் பிடித்ததைப் பிடித்தவர்முன் இசைத்துக்கொள்கிறோம் என்பதே அவர்கள் நிலை.

பின் ஏன் ஆட்சி அவர்களைக் கண்டு அஞ்சியது? அனைத்தையும் தன் கைக்குள் வைத்திருக்க விரும்பும் ஆட்சிக்கு எதிர்ப்பாளனைக் காட்டிலும் பொருட்படுத்தாதவன் பெரிய இடர். எதிர்ப்பாளன் ஆட்சியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறான்; அவனோடு போரிடும் முறை ஆட்சிக்குத் தெரியும். பொருட்படுத்தாதவனோ ஆட்சியின் பாராட்டையும் விரும்பவில்லை. அதன் மேடையையும் பரிசையும் கேட்கவில்லை. யிரோவுஸ் 1975இல் எழுதிச் சுற்றுக்கு விட்ட அறிக்கையில் இக்கருத்தையே வலியுறுத்தினார். அரசின் ஒப்புதலைப் பெற்ற பண்பாட்டுக்கு அப்பால், அதன் தயவை நாடாத இரண்டாம் பண்பாடு ஒன்று வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆட்சியின் தயவின்றியும் மகிழ்ந்து வாழலாம் என்று நூறு இளைஞர் கண்டுகொண்டால், அச்செய்தி ஆயிரம் பேருக்குப் பரவும் அல்லவா?

1974ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் இறுதியில் நாட்டின் தென்பகுதியிலுள்ள ருடோல்பொவ் என்னும் சிற்றூரில் ஓர் இசை நிகழ்ச்சி ஏற்பாடாகியிருந்தது. பிராக் நகரிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் நூற்றுக்கணக்கான இளைஞர் தொடர்வண்டியில் சென்றனர். பிளாஸ்டிக் குழு இசைக்கத் தொடங்குமுன்னரே காவலர் நாய்களுடன் வந்து கூட்டத்தை வளைத்தனர். இளைஞர்கள் தொடர்வண்டி நிலையத்திற்கு விரட்டப்பட்டுத் தடியால் அடிக்கப்பட்டனர். அதனோடும் முடியவில்லை. அங்குச் சென்றிருந்த மாணவர் பலர் கல்விக்கூடங்களினின்றும் நீக்கப்பட்டனர். ஒரு மாலைப் பொழுது இசை கேட்கச் சென்றதற்கு விலை, ஒரு வாழ்நாளின் கல்வி! நீக்கல் ஆணையில் கையொப்பமிட்டவர்களும் கல்வித் துறையைச் சார்ந்தவர்களே என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

அதன் பின்னர்ப் பொது நிகழ்ச்சி நடத்தும் வழி அடைபட்டது. திருமண விருந்துகளில் பாடுவதற்குத் தடை கூறுவது கடினம். ஆதலால், நண்பர் திருமணங்களே இசை விழாக்களாயின. 1976 பிப்ரவரியில் பொயானோவிட்சே என்னும் ஊரில் யிரோவுஸின் திருமணத்தையொட்டி அத்தகைய விழா ஒன்று நடந்தது. பல குழுக்கள் அதில் பாடின. ஒரு திங்கள் கழியுமுன், மார்ச்சு 17ஆம் நாள், காவல் துறை வலை வீசியது. ஏறத்தாழ இருபது பேர் கைதாயினர். நூற்றுக்கு மேற்பட்டோர் விசாரிக்கப்பட்டனர். வீடுகள் சோதனையிடப்பட்டு ஒலிநாடாக்களும் கையெழுத்துப் படிகளும் கருவிகளும் கைப்பற்றப்பட்டன.

இங்கே ஒரு முரண் கவனிக்கத்தக்கது. 1975 ஆகஸ்டில் ஹெல்சிங்கி நகரில் 35 நாடுகளின் தலைவர்கள் கூடி, மனித உரிமைகளை மதிப்பதாக ஒப்பமிட்டனர். செக்கோஸ்லோவாக்கியாவும் ஒப்பமிட்டது. கருத்துரிமைக்கு உறுதி கூறும் அனைத்துலக உடன்படிக்கை அந்நாட்டில் நடைமுறைக்கு வந்த நாள் 1976 மார்ச்சு 23. அதாவது, பாடகர்களைச் சிறையில் அடைத்து ஆறு நாள் ஆனபின், பாடும் உரிமைக்கு அரசு உறுதி அளித்தது! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். ஆயினும், அந்த ஏட்டை எடுத்துக் காட்டி, 'நீ எழுதியது இது' என்று கேட்பவர் தோன்றினால், ஏட்டுக்கும் உயிர் வரும். அவ்வாறு கேட்டவர்கள் யார் என்பதே இவ்வரலாற்றின் சிறப்பு.

கைது நடந்த வேளையில், அந்நாட்டின் புகழ்பெற்ற எழுத்தாளர்களும் அறிஞர்களும் வாளா இருந்திருக்கலாம். அவ்வாறு இருந்துவிட அவர்களுக்குப் போதிய சாக்குகளும் இருந்தன. சிக்கியவர்கள் பெயர் பெற்ற கலைஞர்கள் அல்லர். அவர்களின் தோற்றம் பொதுமக்களுக்கு அருவருப்பூட்டியது. பாடல்களில் கொச்சை மொழி மலிந்திருந்தது. இத்தகையோருக்காகப் பரிந்து பேசி, உள்ள மதிப்பையும் இழப்பானேன் என்று கருதுவதே உலக வழக்கம். நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல் அவ்வழக்கத்துக்குப் பணியவில்லை. கைது நடப்பதற்குச் சில வாரங்கள் முன்புதான் அவர் யிரோவுஸைச் சந்தித்துப் பேசியிருந்தார். ஒலிநாடாவில் அப்பாடல்களைக் கேட்டபோது, அவற்றில் பொய்க் கலப்பற்ற ஒரு வேதனை ஒலிப்பதாக உணர்ந்தார். இவர்களை இன்று விட்டுக்கொடுத்தால், நாளை எவருக்கும் பாதுகாப்பில்லை என்று கண்டு, நண்பர்களைத் திரட்டினார்.

அழைப்புக்குச் செவிசாய்த்தவருள் எழுபதைக் கடந்த கவிஞர் யாரோஸ்லாவ் சைபர்ட் ஒருவர். 1984இல் நோபல் பரிசு பெற்றவர் அவரே. மற்றொருவர் மெய்யியல் பேராசிரியர் யான் பாட்டோச்கா. இவர்களும் பிறரும் சேர்ந்து, ஜெர்மானிய எழுத்தாளர் ஹைன்ரிக் பியோலுக்கு ஒரு திறந்த மடல் எழுதி, இளம் இசைஞர்களுக்காக உலகின் துணையை வேண்டினர்.

பாட்டோச்காவின் வாழ்க்கை ஆசிரியர் குலத்திற்கே ஒரு பாடம். 1907இல் பிறந்த அவர், மெய்யியல் அறிஞர் ஹுசெர்லிடம் பயின்றவர். பழைய கிரேக்கச் சிந்தனையில் தோய்ந்தவர். பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் வாய்ப்பு அவர் வாழ்நாளில் மும்முறை கிட்டி மும்முறை பறிக்கப்பட்டது. நாஜிகள் நாட்டைப் பிடித்தபோது உயர்கல்விக் கூடங்களை மூடினர். பொதுவுடைமை ஆட்சி வந்தபின் அவர் வெளியேற்றப்பட்டார். 1968இல் திரும்பி வந்தவரைப் புதிய ஆட்சி 1972இல் ஓய்வில் அனுப்பியது. அதன் பின்னும் அவர் கற்பித்தலை நிறுத்தவில்லை. வீடுகளில் மாணவர் சிலரைக் கூட்டிவைத்துப் பாடம் நடத்தினார். கட்டடம் போயிற்று, பதவி போயிற்று, ஊதியம் போயிற்று. ஆசிரியர் மட்டும் எஞ்சினார். அதுகாறும் அரசியல் களத்தில் அவர் இறங்கியதில்லை. 69ஆம் அகவையில் அவரைப் படிக்கும் அறையினின்று வெளியே அழைத்து வந்தது, அவரினும் நாற்பது ஆண்டு இளையோர் எழுப்பிய இரைச்சல்!

1976 செப்டம்பரில் வழக்கு நடைபெற்றது. சாட்டப்பட்ட குற்றம் காலித்தனம். பாடல்களில் வந்த கொச்சைச் சொற்களே சான்றாக நீட்டப்பட்டன. யிரோவுஸுக்கு 18 திங்களும், பாடகர் பாவெல் ஸயீச்செக்குக்கு 12 திங்களும், பிராபெனெட்ஸுக்கும் ஸ்வாதோப்லுக் காராசெக்குக்கும் தலைக்கு 8 திங்களும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டன. காராசெக், சமயப் பணி புரிவதற்கான அரசு உரிமத்தை இழந்த கிறித்தவப் போதகர். கித்தாரை ஏந்திப் பாடியவர். நீதிமன்றத்தின் வெளிக்கூடத்தில் முன்பு ஒருவரையொருவர் அறியாதவர் பலர் கூடி நின்றனர். கவிஞரும் போதகரும், கட்சியினின்று நீக்கப்பட்ட பழைய பொதுவுடைமைவாதியும் நீள்முடி இளைஞரும் அங்கே தோளோடு தோள் நின்றனர். ஆட்சி தனித்தனியே பிரித்து வைத்திருந்தோரை ஆட்சியின் வழக்கே ஒன்று சேர்த்தது.

அக்கூட்டுறவின் பயனாக எழுந்தது 'சாசனம் 77'. 1977 ஜனவரி முதல் நாளிட்ட அவ்வறிக்கையில் தொடக்கத்தில் ஏறத்தாழ 240 பேர் ஒப்பமிட்டிருந்தனர். புதிய சட்டம் எதனையும் அவர்கள் கேட்கவில்லை. அரசு தானே ஒப்பமிட்ட உடன்படிக்கையை மதிக்கவேண்டும் என்றே கேட்டனர். பெற்றோரின் கருத்துக்காகப் பிள்ளைகளுக்கு உயர்கல்வி மறுக்கப்படுவதையும் சாசனம் சுட்டிக்காட்டியது. பேச்சாளர்களாகப் பாட்டோச்கா, ஹாவெல், முன்னாள் வெளியுறவு அமைச்சர் யிரி ஹாயெக் ஆகிய மூவரும் பொறுப்பேற்றனர்.

ஆட்சி சினந்தது. ஜனவரி 28ஆம் நாள் தேசிய நாடக அரங்கில் நாட்டின் நடிகர்களையும் கலைஞர்களையும் கூட்டி, சாசனத்தைக் கண்டிக்கும் அறிக்கையில் ஒப்பம் பெற்றது. சில நாள் கழித்து மெல்லிசைக் கலைஞர்களிடமும் ஒப்பம் வாங்கியது. சாசனம் எந்தச் செய்தித்தாளிலும் அச்சிடப்படவில்லை. ஆதலால், தாம் கண்டிப்பது யாது என்பதைப் படித்தறியாமலே பலர் ஒப்பமிட்டனர். இன்னிசை பாடியவர் ஒருபுறம், இரைச்சல் எழுப்பியவர் ஒருபுறம். எது இசை, எது இரைச்சல் என்று அந்நாளில் ஒருவர் கேட்டிருந்தால் என்ன விடை சொல்வது?

1977 மார்ச்சு முதல் நாள், பிராக் நகருக்கு வந்திருந்த நெதர்லாந்து வெளியுறவு அமைச்சரைப் பாட்டோச்கா சந்தித்தார். அதன்பின் காவல் துறையின் விசாரணை கடுமையாயிற்று. நெடுநேர விசாரணையால் தளர்ந்த முதியவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மார்ச்சு 13ஆம் நாள் உயிர் நீத்தார். பாடகர்கள் கைதாகி ஓராண்டு நிறையும் வேளை அது.

அவர் உடல் பிரெவ்னோவ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. மாணவர்களும் நண்பர்களும் பெருந்திரளாகக் கூடினர். குழியருகே இறுதிச் சொற்கள் சொல்லப்பட்டபோது, கூட்டத்தின் தலைக்கு மேல் காவல் துறையின் ஹெலிகாப்டர் வட்டமிட்டது. அருகிலிருந்த பந்தயத் திடலில் மோட்டார் சைக்கிள்களின் பொறிகள் உறுமின. சொல்லப்பட்ட சொல் எவர் காதிலும் விழாதபடி அந்த ஒலி அதனை விழுங்கிற்று. இரைச்சல் எழுப்பினார்கள் என்று இளைஞரைச் சிறையிலிட்ட ஆட்சி, ஓர் ஆசிரியரின் ஈமச் சடங்கில் இரைச்சலை எழுப்பிற்று. இவ்வொரு காட்சி வழக்கின் தீர்ப்பையே திருத்தி எழுதிவிட்டது எனலாம்.

அடுத்த ஆண்டு ஹாவெல், 'அதிகாரமற்றோரின் ஆற்றல்' என்னும் கட்டுரையை எழுதிப் பாட்டோச்காவின் நினைவுக்குப் படைத்தார். அதில் ஒரு காய்கறிக் கடைக்காரர் வருகிறார். உலகத் தொழிலாளரை ஒன்றுபடச் சொல்லும் வாசக அட்டையை அவர் வெங்காயத்திற்கும் காரட்டுக்கும் நடுவே கடைச் சன்னலில் வைக்கிறார். அதில் அவருக்கு நம்பிக்கை இல்லை; வைக்காவிட்டால் தொல்லை வரும் என்பதற்காகவே வைக்கிறார். ஒவ்வொருவரும் இவ்வாறு வைக்கும் சிறு சிறு பொய்களின்மேல்தான் ஆட்சி நிற்கிறது; ஒருவர் அட்டையை எடுத்துவிட்டால் அதன் அடித்தளம் ஆடுகிறது என்பது ஹாவெலின் கருத்து. பிளாஸ்டிக் குழு செய்தது அதுதான். அவர்கள் எதிர்ப்புப் பதாகை எதனையும் தூக்கவில்லை. பொய் அட்டையைத் தங்கள் சன்னலில் வைக்க மறுத்தார்கள்.

அம்மறுப்புக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. பால் வில்சன் 1977இல் நாடு கடத்தப்பட்டார். கனடாவிலிருந்து அக்குழுவின் இசைத்தட்டுகளை வெளியிட்டதோடு ஹாவெலின் கட்டுரையையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். பிராபெனெட்ஸ் 1982இல் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. யிரோவுஸ் மீண்டும் மீண்டும் சிறைப்பட்டு, எட்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே கழித்தார். சிறைக்குள்ளிருந்தே கவிதை புனைந்தார். ஹாவெல் 1979 முதல் 1983 வரை சிறையில் வாடினார். எனினும், பாட்டு ஓயவில்லை. 1980களில் பங்க் இசையும் புதிய அலை இசையும் அந்நாட்டுச் சிற்றூர்களிலும் பரவின. 1983இல் கட்சி வார இதழான 'திரிபுனா' அவ்விசையைத் தாக்கிக் கட்டுரை வெளியிட்டது. தொடர்ந்து பல குழுக்கள் மேடையை இழந்தன. முன்னவரை அடக்கியபோது பின்னவர் முளைத்தனர்.

1989 நவம்பர் 17ஆம் நாள் பிராக் நகரில் மாணவர்கள் ஊர்வலம் சென்றனர். காவலரின் தடியடி நாட்டையே தெருவுக்கு அழைத்தது. ஆறு வாரங்களில், ஒரு துப்பாக்கிக் குண்டும் வெடிக்காமல், நாற்பது ஆண்டு ஆட்சி சரிந்தது. டிசம்பர் 29ஆம் நாள் ஹாவெல் குடியரசுத் தலைவரானார். கைகோத்துத் தெருவில் நின்ற மாணவர்களுள் பெரும்பாலோர் 1976இல் தொட்டிலிலும் தொடக்கப் பள்ளியிலும் இருந்தவர்கள். 1988இல் பிரிந்துபோன பிளாஸ்டிக் குழுவினர் 1997இல், சாசனத்தின் இருபதாம் ஆண்டு நிறைவையொட்டி மீண்டும் ஒன்றுகூடி இசைத்தனர். ஹ்லாவ்சா 2001இலும், யிரோவுஸும் ஹாவெலும் 2011இலும் மறைந்தனர்.

பாடகர்கள் ஆட்சியைக் கவிழ்த்தனர் என்று கூறுவது மிகை. பொருளாதாரத் தளர்ச்சி, சோவியத்து நாட்டில் நேர்ந்த மாற்றம், அண்டை நாடுகளின் எழுச்சி எனக் காரணங்கள் பல. ஆனால், விடியுமளவும் விளக்கு அணையாமல் காத்தவர் சிலர் உளர். அவ்விளக்கின் முதற்பொறி, திருமண வீட்டு விருந்தில் எழுந்த அந்த முரட்டு இசையிலிருந்து தெறித்தது.

இவ்வரலாறு ஆசிரியப் பெருமக்களுக்கு உணர்த்துவது யாது? மாணவர் பாடுவன யாவற்றையும் பாராட்டவேண்டும் என்பதன்று. கொச்சையைக் கொச்சை எனச் சுட்டுவதும், நல்லிசையை அறிமுகம் செய்வதும் ஆசிரியரின் கடமைகளே. சுவையைத் திருத்த ஆசிரியருக்குப் பாடமும் பரிவும் உண்டு. அதற்குக் காவலரின் தடி வேண்டியதில்லை. தமக்குப் பிடித்த பாட்டுக்காக வாதாடுவது எவருக்கும் எளிது. தமது செவிக்கு ஒவ்வாத பாட்டைப் பாடியவன் அடிபடும்போது, 'அவன் என் மாணவன். அவனை விடு' என்று குறுக்கே நிற்பது அரிது. ருடோல்பொவ் இளைஞர்களைப் பள்ளியினின்று நீக்கியவர்களும் கற்பித்தல் தொழிலைச் சார்ந்தவர்களே. பாட்டோச்காவும் அத்தொழிலைச் சார்ந்தவரே. நீக்கியவர்களின் பெயரை இன்று எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

வகுப்பறையின் கடைசி வரிசையில் மேசையைத் தாளமிட்டுக்கொண்டு ஒரு மாணவன் ஏதோ முணுமுணுக்கக்கூடும். அவனைக் கண்டித்துப் பாடத்தைத் தொடர்வது முறைதான். கண்டித்தபின், பாடவேளை முடிந்ததும் அவனை அருகே அழைத்து, அவன் பாடியது என்ன என்று ஒருமுறை கேட்டறிவதும் முறையாகும்.